பட்டினசபையும் செய்தியிதழும்

வேல்ஸ் நாட்டின் தென்மேற்குக் கடலோரத்திலே ரென்பி என்னுஞ் சிறு பட்டினம் ஒன்றுண்டு. கோடைகாலத்திற் கடலாட வருவோர் தங்கும் ஊர் அது. அங்கே 1853ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற ‘ரென்பி ஒப்சேவர்’ என்னும் வாரப் பத்திரிகை, ஊருக்கு வந்திருக்கும் விருந்தினரின் பெயர்ப்பட்டியலாகவே முதலில் வெளிவந்தது. இத்துணை எளிய பத்திரிகை ஒன்று பின்னாளிற் பிரித்தானிய உள்ளூராட்சிச் சட்டம் மாறுதற்குக் காரணமாயிற்று என்பது வியப்புக்குரியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் ஆசிரியராயிருந்த மேசன் என்பார் நகரசபையின் செயல்களைக் கண்டித்தெழுதினார். சபையார் அவரைத் தங்கள் கூட்டங்களுக்கு வரலாகாதெனத் தடுத்தனர். வழக்கு 1908இல் மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்றது. அங்கத்தவரல்லாத எவருக்கும், அவர் வரியிறுப்பாளராயினும் பத்திரிகையாளராயினும், சபைக் கூட்டத்தில் இருத்தற்கு உரிமையில்லை என்பதே தீர்ப்பு. சபை வென்றது, ஆனால் வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் பத்திரிகையாளருக்கு அவ்வுரிமையை வழங்கிச் சட்டமியற்றியது.

எனினும் அப்பூட்டுக்கு ஒரு கள்ளத்திறப்பும் இருந்தது. சபையார் அனைவரும் ‘குழு’ என்னும் பெயரோடு அமர்ந்துவிட்டால் நிருபரை வெளியே நிறுத்திவிடலாம். அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பல சபைகள் இவ்வுபாயத்தைக் கையாண்டன. அதனை அடைத்தது 1960ஆம் ஆண்டுச் சட்டம். பின்னர்ப் பிரதமராய் விளங்கிய மார்கிரற் தச்சர் அம்மையார் பாராளுமன்றத்தில் நிகழ்த்திய கன்னியுரையே அம்மசோதாவை முன்வைத்த உரையாகும். அச்சட்டம் பத்திரிகையாளருக்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் கூட்டத்தின் கதவைத் திறந்தது. கூட்டத்தின் காலமும் இடமும் மூன்று முழு நாட்களுக்கு முன்னரே அறிவிக்கப்படல் வேண்டும். மக்களை வெளியேற்றுவதாயின் அதற்குரிய காரணத்தைத் தீர்மானத்திலே கூறல் வேண்டும்.

கதவு திறந்திருந்தால் மட்டும் மக்கள் வந்துவிடுவரோ? மாரிக்கால இரவிலே, மயானக் கட்டணமும் தெருவிளக்கும் பேசப்படுங் கூட்டத்துக்கு வருவோர் சிலரே. ஆகவேதான் சிறு சபைகள் தாமே செய்தியிதழ் வெளியிடலாயின. 1972ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் அதற்கு இடமளிக்கின்றது. பெரும்பாலும் சபையின் இலிகிதரே அதனை எழுதி முடிப்பார்; அங்கத்தவர் சிலர் வீடுவீடாகக் கொண்டுசென்று கொடுப்பர். தோட்டத்துண்டு வேண்டுவோர் விண்ணப்பிக்கும் முறை, விளையாட்டு மைதானத்திற் செய்யப்படுந் திருத்தம், அடுத்த கூட்டத்தின் திகதி என்பனவே அதன் உள்ளடக்கம். இவை அற்பமென்று தோன்றலாம். ஆயினும் ஊரவர் வேறெங்கும் காணமுடியாத செய்திகள் இவையே.

ஆனால் மேசனின் பத்திரிகை வேறு, சபையின் இதழ் வேறு. தன்னைப்பற்றித் தானே எழுதும் சபை தன் குறையை எழுதுதல் அரிது. சபைப் பணத்திலே கட்சிக்கு ஆதரவு திரட்டும் வெளியீடுகளை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. இங்கிலாந்தில் 2011இல் வெளிவந்த நெறிக்கோவை, பெரிய சபைகள் ஆண்டுக்கு நான்கு தடவைக்கு மேலும், சிற்றூர்ச் சபைகள் மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேலும் இதழ் வெளியிடலாகாதென்றது. தனியார் நடத்தும் உள்ளூர்ப் பத்திரிகைகளைச் சபை இதழ்கள் நெருக்கிவிடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். சிறு சபைக்குச் சலுகை கூடுதலாக இருத்தல் தக்கதே; பல சிற்றூர்களில் நெருக்கப்படுதற்கு வேறு பத்திரிகையே இல்லை.

செய்தி எட்டாமையால் விளைவது யாது என்பதற்குச் சபையில் வெற்றிடம் ஏற்படும் முறையைக் காட்டலாம். இங்கிலாந்திலே சிற்றூர்ச் சபை அங்கத்தவர் ஒருவர் இடைக்காலத்தில் விலகினாலோ இறந்தாலோ அறிவித்தல் ஒட்டப்படும். குறித்த பதினான்கு வேலைநாட்களுக்குள் வாக்காளர் பதின்மர் எழுத்துமூலங் கேட்டால் தேர்தல் நடைபெறும். அறிவித்தலை எவரும் வாசியாது விட்டால், எஞ்சிய அங்கத்தவரே தமக்கு விருப்பமான ஒருவரை அவ்விடத்துக்குச் சேர்த்துக்கொள்வர்.