களைத்துப்போகும் காவல் அணுக்கள்

எச்ஐவி தொற்று என்றதும், எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறைந்துவிடும் என்பதே பலருக்கும் நினைவுக்கு வரும். அது பாதி உண்மைதான். எஞ்சியிருக்கும் அணுக்களும் செயல்திறன் இழப்பது மறுபாதி. பணியில் இருப்போரின் தலைகளை எண்ணி மட்டும் உற்பத்தியைக் கணிக்க முடியாது என்பது பொருளாதாரப் பாடம்; உடலுக்கும் அது பொருந்தும்.

ரத்த வெள்ளை அணுக்களில் 'டி' அணுக்கள் ஒரு வகை. அவற்றுள் சிடி4 அணுக்கள் எதிர்ப்பை ஒருங்கிணைப்பவை. எச்ஐவி முதன்மையாகத் தாக்கி அழிப்பது இவற்றைத்தான். சிடி8 அணுக்கள் 'கொல்லும் அணுக்கள்'. தீநுண்மி புகுந்த அணுவை இனங்கண்டு, பெர்ஃபோரின் புரதத்தால் அதன் சவ்வில் துளையிட்டு, கிரான்சைம் நொதிகளைச் செலுத்தி அழிப்பவை அவை.

சாதாரணக் காய்ச்சலில் இந்தப் போர் சில நாள்களில் முடிந்துவிடும். எச்ஐவியோ ஓய்வதில்லை. ஆண்டுக்கணக்கில் இடைவிடாது தூண்டப்படும் கொல்லும் அணுக்கள், பெருகும் திறனையும் பகையணுவை அழிக்கும் திறனையும் படிப்படியாக இழக்கின்றன. இதையே 'எதிர்ப்பாற்றல் களைப்பு' என்கிறார்கள்.

இக்களைப்புக்கு அடையாளங்கள் உண்டு. அவற்றில் முதன்மையானது, அணுவின் மேற்பரப்பில் மிகுந்து நிலைத்துவிடும் 'பிடி-1' என்ற புரதம். 'டிம்-3', 'லாக்-3' ஆகியவையும் உடன் சேரும்போது களைப்பு மேலும் ஆழமாகிறது. 1992-இல் ஜப்பானிய அறிஞர் தசுக்கு ஹோன்ஜோவின் ஆய்வுக்குழு கண்டறிந்த பிடி-1, உண்மையில் ஒரு 'பிரேக்'. எதிர்ப்பாற்றல் வரம்பு மீறிச் சொந்த உடலையே சிதைத்துவிடாமல் தடுப்பது அதன் பணி. ஆக, களைப்பு என்பது வெறும் தேய்மானமன்று. உடல் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் தடையும்கூட.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சிகிச்சை தொடங்காத தொற்றாளர்களிடம் மேற்கொள்ளப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வு, பிடி-1 மிகுந்தவர்களின் ரத்தத்தில் தீநுண்மியும் மிகுந்திருப்பதைக் காட்டியது. ஆய்வகத்தில் அந்தத் தடையை விலக்கியபோது, அணுக்கள் மீண்டும் பெருகின.

அப்படியானால், அதையே மருந்தாக்கிவிடலாமே என்று தோன்றும். புற்றுநோயில் அது நடந்திருக்கிறது; ஹோன்ஜோவும் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால், தடையை விலக்கினால் நுரையீரல், குடல், தைராய்டு ஆகியவற்றை எதிர்ப்பு அணுக்களே தாக்கக்கூடும். உயிருக்குப் போராடும் புற்றுநோயாளி அந்த ஆபத்தை ஏற்கலாம். அன்றாட மாத்திரையால் நலமாக வாழும் எச்ஐவி தொற்றாளருக்கு வரவு-செலவுக் கணக்கு வேறு.

எனவே, களைப்பை நீக்குவதைவிட அது முற்றாமல் தடுப்பதே இன்றைய விவேகம். கூட்டு மருந்துகள் தீநுண்மியை ஒடுக்கும்போது பிடி-1 அளவும் குறைகிறது. ஆனால், நெடுங்காலக் களைப்பின் தடம் முழுமையாக அழிவதில்லை. சிடி4 எண்ணிக்கை சரியும்வரை காத்திராமல் உடனே சிகிச்சை தொடங்குவது, கடும் நோய்களையும் மரணத்தையும் பாதிக்கும் மேல் குறைப்பதை 2015-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு நிறுவியது.

இந்தியாவில் 2004 முதல் இம்மருந்துகள் இலவசம். தொற்று உறுதியான அனைவருக்கும் உடனடிச் சிகிச்சை என்பது 2017 முதல் அரசின் கொள்கை. மருந்து இருக்கிறது, கொள்கை இருக்கிறது. அச்சத்தாலும் சமூகப் பழிச்சொல்லாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே எஞ்சியிருக்கும் தடை. தாமதத்தின் விலையைக் கொல்லும் அணுக்கள் நாள்தோறும் செலுத்திக்கொண்டிருக்கின்றன. பழிச்சொல்லைக் கைவிடுவது நம் பொறுப்பு.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).