பச்சை அட்டையும் திரும்பும் பயணமும்

பெங்களூர் அல்சூரில் ஒரு வீடு. அந்த வீட்டுக்கு ஒரு பாட்டி வந்திருக்கிறார். வயது அறுபத்தைந்து. அவருடைய மகன் அமெரிக்காவில் குடியுரிமை பெற்றவர். அவர் மனுப் போட்டுத் தம் தாயை அங்கே அழைத்துக்கொண்டார். அமெரிக்க அரசு பாட்டிக்கு ஓர் அட்டை கொடுத்தது. அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கலாம் என்பதற்கு அந்த அட்டையே அடையாளம்.

பெங்களூரில் இருக்கும் மகளுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மகளைக் கவனிக்க ஆள் இல்லை. அதனால் பாட்டி சென்ற ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு வந்தார். இரண்டு மாதத்தில் திரும்பலாம் என்று நினைத்தார். மகள் எழுந்து நடக்கவே பல மாதம் ஆகிவிட்டது. இப்போது ஜனவரி 20.

பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: "உங்க அட்டை 2031 வரைக்கும் செல்லும்னு சொன்னீங்களே. இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே இருந்துட்டுப் போகலாமே. என்ன அவசரம்?"

பாட்டிக்கும் அது சரி என்றே பட்டது. ஆனால் பேத்தி குறுக்கிட்டாள். "பாட்டி, அட்டையில இருக்கிற தேதி வேற. நீங்க வெளியே இருக்கிற நாள் கணக்கு வேற. ரெண்டையும் பார்க்கணும்" என்றாள்.

பேத்தி சொன்னது சரிதானா? நாமும் தெரிந்துகொள்வோம்.

பச்சை அட்டை என்றால் என்ன?

அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி பெற்றவருக்கு ஓர் அட்டை தருகிறார்கள். அதை 'கிரீன் கார்டு' என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிரீன் என்றால் பச்சை. தொடக்கத்தில் அந்த அட்டை பச்சை நிறத்தில் இருந்தது. 1964-இல் நிறத்தை மாற்றினார்கள். 2010-இல் மறுபடியும் பச்சை நிறம் வந்தது. இடையில் நிறம் மாறினாலும் பெயர் மாறவில்லை.

இந்த அட்டை வந்துவிட்டால் நாம் அமெரிக்கக் குடிமக்கள் ஆகிவிடுவதில்லை. நாம் இந்தியக் குடிமக்கள்தான். நம்மிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான். பயணத்துக்குப் பாஸ்போர்ட்டும் வேண்டும், அட்டையும் வேண்டும்.

தேதியைப் படிக்கும் முறை

பாட்டி அட்டையை எடுத்துப் பார்த்தார். அவர் அறுபது வயதுக்கு மேல் எழுத்தறிவு மையத்தில் படிக்கக் கற்றவர். அட்டையில் 04/09/31 என்று இருந்தது.

"நாலு, ஒன்பது, முப்பத்தொன்று. செப்டம்பர் நாலாம் தேதி" என்றார் பாட்டி.

"இல்லை பாட்டி. அமெரிக்காவில முதல்ல மாதத்தை எழுதுவாங்க. அப்புறம்தான் நாள். இது ஏப்ரல் ஒன்பது" என்றாள் பேத்தி.

இது சின்ன விஷயம் அல்ல. நம் பாஸ்போர்ட்டில் நாள் முதலில் வரும், மாதம் அடுத்து வரும். அந்த அட்டையில் மாதம் முதலில் வரும். இது தெரியாவிட்டால் ஐந்து மாதம் கணக்குத் தவறிவிடும். காலம் முடிந்த அட்டையோடு விமான நிலையத்தில் நிற்க நேரும்.

நாள் கணக்கு

பெரும்பாலான அட்டைகளுக்குக் காலம் பத்து ஆண்டு. அந்தப் பத்து ஆண்டும் இந்தியாவில் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று பொருள் அல்ல. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

ஆறு மாதத்துக்குள் திரும்பினால் பொதுவாகத் தொல்லை குறைவு.

180 நாளுக்கு மேல் ஆனால், புதிதாக உள்ளே வருபவரைக் கேட்பதுபோல் அதிகாரி கேள்வி கேட்கலாம். ஏன் இவ்வளவு நாள் வெளியே இருந்தீர்கள்? உங்கள் வீடு எங்கே இருக்கிறது? இப்படிக் கேட்பார். அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும். ஆதாரமும் காட்ட வேண்டும்.

ஓர் ஆண்டு ஆகிவிட்டால் அந்த அட்டையை மட்டும் காட்டி உள்ளே நுழைய முடியாது. அட்டையில் இன்னும் ஐந்து ஆண்டு மீதி இருந்தாலும் முடியாது.

வேறு சிலர் ஆண்டுக்கு ஒரு முறை அங்கே போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அதுவும் தவறு. உண்மையான குடியிருப்பு எங்கே என்றுதான் அதிகாரி பார்ப்பார். இந்தியாவில் குடியிருந்துகொண்டு அங்கே விருந்தாளிபோல் போய்வந்தால், குடியிருப்பை விட்டுவிட்டதாக முடிவு செய்யலாம்.

அதிக நாள் தங்க வேண்டுமானால்

சில நேரம் ஓர் ஆண்டுக்கு மேல் ஊரில் தங்க வேண்டி வரும். பெற்றோருக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். சொத்து வழக்கு நடக்கலாம். அப்படித் தெரிந்தால் 'ரீ-என்ட்ரி பெர்மிட்' வாங்க வேண்டும். திரும்ப நுழைய அனுமதி என்பது அதன் பொருள். அது பாஸ்போர்ட்போல் ஒரு சின்னப் புத்தகம்.

இதற்கு ஐ-131 என்ற படிவத்தில் மனுச் செய்ய வேண்டும். மனுச் செய்யும்போது நாம் அமெரிக்காவில் இருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்த பிறகு மனுச் செய்ய முடியாது. அங்கேயே கைரேகையும் கொடுக்க வேண்டும். அதன் பிறகு புறப்படலாம். புத்தகத்தை அமெரிக்கத் தூதரகம் வழியாக இங்கே பெற்றுக்கொள்ளவும் கேட்கலாம்.

இந்தப் புத்தகம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். காலத்தை நீட்டித்துத் தர மாட்டார்கள். அது முடிவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

அட்டை தொலைந்தால்

ஊருக்கு வந்த இடத்தில் அட்டை தொலைந்துபோகலாம். திருட்டும் போகலாம். அட்டை தொலைந்ததால் குடியிருக்கும் உரிமை போய்விடாது. ஆனால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். உரிய தாள் இல்லாதவரை ஏற்றிப்போனால் விமான நிறுவனத்துக்கு அபராதம் விழும்.

முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். புகார் நகலை வாங்கி வையுங்கள். பிறகு ஐ-131ஏ என்ற படிவத்தில் மனுச் செய்து, அமெரிக்கத் தூதரக அலுவலகத்துக்குப் போக வேண்டும். டெல்லியில் தூதரகம் இருக்கிறது. சென்னை, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத் ஆகிய ஊர்களில் துணைத் தூதரகங்கள் இருக்கின்றன. விசாரித்த பின் பாஸ்போர்ட்டில் ஒரு தாள் ஒட்டித் தருவார்கள். அதைக் காட்டி விமானம் ஏறலாம். வெளியே வந்து ஓர் ஆண்டு ஆகாதவருக்கே இந்த வழி. ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கி வந்தவருக்கு இரண்டு ஆண்டு வரை இடம் உண்டு.

ஓர் ஆண்டு தாண்டிவிட்டால்

பெர்மிட் இல்லாமல் ஓர் ஆண்டு தாண்டினவர் தூதரக அலுவலகத்தில் 'எஸ்பி-1' என்ற விசா கேட்கலாம். திரும்பிப் போகும் எண்ணம் எப்போதும் இருந்தது என்று காட்ட வேண்டும். நம் கையில் இல்லாத காரணத்தால் தங்க நேர்ந்தது என்றும் காட்ட வேண்டும். இந்த விசா எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் மகனோ மகளோ மறுபடியும் முதலிலிருந்து மனுப் போட வேண்டியதுதான்.

கையெழுத்துக்கு முன் படியுங்கள்

அமெரிக்க விமான நிலையத்தில் அதிகாரி ஒரு தாளை நீட்டலாம். அது ஐ-407 என்ற படிவமாக இருக்கலாம். "என் குடியிருப்பு உரிமையை நானே விட்டுவிடுகிறேன்" என்பது அந்தப் படிவத்தின் பொருள். விருப்பம் இருந்தால் மட்டுமே அதில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் குற்றம் இல்லை. "குடியேற்ற நீதிபதி முன் என் வழக்கைச் சொல்ல விரும்புகிறேன்" என்று கேட்கலாம்.

மொழி தெரியாவிட்டால் "தமிழ் தெரிந்தவர் வேண்டும்" என்று கேளுங்கள். என்ன தாள் என்று தெரியாமல் கையெழுத்தும் வேண்டாம், கைநாட்டும் வேண்டாம்.

பாட்டி என்ன செய்தார்?

பாட்டி நாட்காட்டியை எடுத்தார். மார்ச் 2-லிருந்து ஒவ்வொரு மாதமாக எண்ணினார். பத்து மாதம் முடிந்துவிட்டது. ஓர் ஆண்டு ஆக 41 நாள்தான் இருந்தது.

மகளைப் பார்த்தார். மகளுக்குக் கண் கலங்கியது. "போயிட்டு வாங்கம்மா. நான் இப்ப நடக்கிறேன். இங்கேயே இருந்துட்டா அப்புறம் அண்ணன் பிள்ளைகளைப் பார்க்க நீங்க வருஷக்கணக்கில காத்திருக்கணும்" என்றாள்.

பிப்ரவரி 10-க்குப் பயணச்சீட்டு வாங்கினார்கள். மகளின் மருத்துவமனைத் தாள்களை ஒரு பையில் வைத்தார்கள். மகன் அங்கிருந்து வீட்டு முகவரிச் சான்றும், பாட்டியின் வங்கிக் கணக்குத் தாளும் அனுப்பினான்.

விமான நிலையத்தில் அதிகாரி கேட்டார். பாட்டி தமிழில் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பவர் எடுத்துச் சொன்னார். தாள்களைப் பார்த்த அதிகாரி உள்ளே விட்டார்.

அன்று இரவு பாட்டி பேத்தியோடு தொலைபேசியில் பேசினார். "அடுத்த தடவை அதிக நாள் தங்குற மாதிரி இருந்தா, இங்கேயே அந்தப் புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்துட்டுத்தான் கிளம்புவேன்" என்றார்.

நினைவில் கொள்வோம்

1. அட்டையின் தேதி வேறு. வெளியே இருக்கும் நாள் கணக்கு வேறு.
2. புறப்பட்ட தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.
3. ஓர் ஆண்டு முடிவதற்குள் திரும்புங்கள். முடியாது என்று முன்பே தெரிந்தால் பெர்மிட்டுக்கு மனுச் செய்துவிட்டு வாருங்கள்.
4. அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நகல் எடுத்துத் தனியே வையுங்கள்.
5. பாஸ்போர்ட் காலம் முடியப்போகிறதா? பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் முன்கூட்டியே புதுப்பியுங்கள்.
6. "நான் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கும் தரகரை நம்ப வேண்டாம். அரசு அலுவலகத்திலேயே கேளுங்கள்.

விடை சொல்லுங்கள்

1. பச்சை அட்டையில் 06/11/29 என்று இருக்கிறது. அது எந்த மாதம், எந்த நாள்?
2. ஒருவர் மே 15-ஆம் தேதி அமெரிக்காவிலிருந்து புறப்பட்டார். அவரிடம் பெர்மிட் இல்லை. அவர் எந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும்?
3. ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு எந்த நாட்டில் இருந்து மனுச் செய்ய வேண்டும்?