தானியங்கு வேட்டைத் துப்பாக்கியும் வாயுவின் அளவும்

நம் ஊர்வழக்கிலே துவக்கு எனப்படும் வேட்டைத் துப்பாக்கியைப் பெரும்பாலோர், குழலை மடித்துத் திறந்து தோட்டாவை இட்டு மூடும் கருவியாகவே அறிவர். வெடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டைத் தானே வெளியேற்றி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கியும் உண்டு. ஒவ்வொரு வெடிக்கும் விசையைத் தனித்தனியே இழுத்தல் வேண்டுமாதலின் அதனை அரைத் தானியங்கி என்பர். கூட்டை எறிந்து புதிய தோட்டாவை ஏற்றும் வேலைக்கு ஆற்றல் எங்கிருந்து கிடைக்கின்றது? அவ்வாற்றலை வேண்டும் அளவே எடுப்பது எங்ஙனம்? முதல் வினாவுக்கு விடை விரைவிற் கிடைத்தது. இரண்டாவது வினாவோ நூறாண்டுக்கு மேலாகப் பொறிவல்லாரை உழைப்பித்துள்ளது.

தோட்டாவிலுள்ள மருந்து எரிந்து வாயுவாகி, ஈயச் சன்னங்களைக் குழலின் வழியே தள்ளுகின்றது. அவ்வாயுவின் ஆற்றலில் ஒரு பகுதி குழல்வாயால் வீணே வெளிச்செல்கின்றது. துப்பாக்கியும் பின்னோக்கி உதைக்கின்றது. 1884ஆம் ஆண்டளவில் ஹைரம் மாக்சிம் அவ்வுதைப்பையே வேலைவாங்கி இயந்திரத் துப்பாக்கி அமைத்தார். அமெரிக்காவின் யூற்றா மாநிலத்து ஒக்டன் என்னும் ஊரினரான ஜோன் மோசஸ் பிறவுணிங், 1889இல், வெடிக்குந்தோறும் குழல்வாயின் முன் நின்ற புற்கள் சாய்வதைக் கண்டு, வாயுவையும் வேலைவாங்கலாம் எனத் துணிந்தார். பிரான்சு தேசத்து விஞ்ஞானி போல் வியெய் 1884இற் புகையற்ற மருந்தை ஆக்கியமையும் இதற்குத் துணையாயிற்று. கரிமருந்தின் அழுக்கிலே இத்தகைய நுண்ணிய பொறிகள் நெடிது இயங்கா.

ஆயினும் பிறவுணிங் தமது வேட்டைத் துப்பாக்கிக்கு உதைப்பையே தெரிந்தெடுத்தார். 1900இல் உரிமைப் பத்திரம் பெற்ற அதனை வின்செஸ்ரர் நிறுவனத்துக்குக் காட்டியபோது, விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்குப்பணம் கேட்டார், அவர்கள் இணங்கவில்லை. றெமிங்ரன் நிறுவனத்துக்குச் சென்று காத்திருந்த வேளையில், 1902 சனவரியில், அதன் தலைவர் இறந்தார். பிறவுணிங் கப்பலேறிப் பெல்ஜியத்தின் ஏர்ஸ்தால் நகருக்குச் சென்றார். அங்கே உருப்பெற்ற துப்பாக்கி 1998 வரை ஆக்கப்பட்டுவந்தது.

அத்துப்பாக்கியிற் குழல் முழுவதும் பின்னோக்கி ஓடி மீளும். ஓட்டத்தைத் தடுப்பன ஒரு சுருள்வில்லும், தோட்டாக் குழாயைப் பற்றி உராயும் வெண்கலத் துண்டொன்றும், ஓர் உருக்கு வளையமும் ஆம். வன்மையான தோட்டாவுக்கு வளையத்தை வில்லுக்கும் வெண்கலத் துண்டுக்கும் இடையில் இடவேண்டும், உராய்வு மிகும். மென்மையான தோட்டாவுக்கு அதனை வில்லின் பின்புறத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். வளையத்தை மாற்றுவதற்கோ முன்கைப் பிடியையும் குழலையும் கழற்றல் வேண்டும். மாற்ற மறந்தவன், துப்பாக்கி தோட்டாவை ஏற்றாமல் நிற்பதையோ, உதைப்பால் நாளடைவிற் பிடிமரம் பிளப்பதையோ கண்டான்.

தோட்டாக்களிடையே இத்துணை வேற்றுமை உண்டோ எனின், உண்டு. ஒலிம்பிக் போட்டியில் வழங்கும் 12 துவாரத் தோட்டாவில் 24 கிராம் சன்னம் இருக்கும். 3 அங்குல மக்னம் தோட்டாவிலோ 53 கிராமும் அதற்கு மேலும் இருத்தல் கூடும். துப்பாக்கியோ ஒன்றே. அன்றியும், இராணுவ றைபிளில் வாயுவின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 50,000 இறாத்தலும் அதற்கு மேலும் எழ, 2¾ அங்குல 12 துவாரத் தோட்டாவில் அது 11,500 இறாத்தலை மேவலாகாது என்பது அமெரிக்க விதி. அமுக்கம் குறைவாதலின், வாயுவை எடுக்கக் குழலில் இடும் துளை சிறிதாயிருத்தல் போதாது. துளைவழி வந்த வாயு முசலத்தைத் தள்ள, முசலம் பூட்டைப் பின்தள்ளும். துளை பெரிதாயின் வன்மையான தோட்டா பூட்டைப் பின்சுவரில் மோதச்செய்யும். சிறிதாயின் மென்மையான தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியேறாது வாயிலிற் சிக்கும்.

1956இல் வந்த றெமிங்ரன் 58, தோட்டாக் குழாயின் மூடியிலேயே ஒரு திருகியை வைத்தது. மென்மை, வன்மை என இரு நிலைகள். கழற்ற வேண்டியது ஒன்றுமில்லை. வளையத்தை மாற்றுவதிலும் இஃது எத்துணையோ எளிது. ஆனால் மறதி என்னும் குறை நீங்கவில்லை; கை எளிதிற் செய்வதையே மனம் எளிதில் மறக்கின்றது. 1963இல் அந்நிறுவனம் வெளியிட்ட 1100 திருகியைக் கைவிட்டது. 2¾ அங்குலத் தோட்டாவுக்கு அளவான துளைகளை இட்டு, மக்னம் தோட்டாவுக்கு வேறு குழலே அமைத்தது. இலட்சக்கணக்கில் விற்பனையான துப்பாக்கி அது.

மென்மையான தோட்டாவை இயக்கவேண்டித் தம் கையாலேயே குழலின் துளையைப் பெருக்கியவரும் உளர். அது தவறு. துளைத்த உலோகத்தை மீளப் பெறுதல் இயலாது. மறுநாள் வன்மையான தோட்டாவை இட்டாற் பூட்டும் அதன் உறையும் நையும். பெரும்பாலும் நோயின் மூலம் துளையில் இல்லை. 1100இல் வாயு கசியாதிருக்க வைத்த சிறிய இறப்பர் வளையம் வெடித்துப்போயிருக்கலாம். அல்லது முசலத்திற் கரி படிந்திருக்கலாம். அவ்வளையத்தின் விலை மிக அற்பம். எண்ணெய்த் துணியும் புதிய வளையமும் செய்யத்தக்க வேலையைத் துளைகருவியிடம் கொடுத்தல் வேண்டா. அதற்கப்பாலும் குறை நின்றால் தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளனை நாடுதலே முறை.

1987இல் வந்த 11-87 வேறொரு வழியைக் கொண்டது. வாயு உருளையின் வெளித்துளைகளை ஒரு வில்பட்டை மூடியிருக்கும். அமுக்கம் மிகுந்தால் அது விரிந்து மிகைவாயுவைக் கழித்துவிடும். இதனை ஜேம்ஸ் வாற் நீராவிப் பொறிக்கு அமைத்த சுழல்குண்டுச் சீராக்கியோடு ஒப்பிடத் தோன்றலாம். அவ்வொப்புமை பொருந்தாது. வாற்றின் சீராக்கி பொறியின் வேகத்தை அறிந்து, அதற்கேற்ப நீராவியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. வில்பட்டையோ, தெனி பப்பின் தமது நீராவிக் கலத்துக்கு இட்ட காப்புவாயில் போன்றது. கழிக்க அறியுமன்றிக் கூட்ட அறியாது. ஆகவே துளையை மிக மென்மையான தோட்டாவுக்குப் போதிய அளவிற் பெரிதாக இட்டு, எஞ்சியதை வெளியே விடுதலே இம்முறையின் கருத்து.

2010இல் வேர்சா மாக்ஸ் என்னும் துப்பாக்கியிற் கண்ட உபாயம் எனக்கு எல்லாவற்றினும் அழகியதாகத் தோன்றுகின்றது. அதிலே வாயுத் துளைகள் தோட்டா தங்கும் அறையிலேயே உள்ளன. நீண்ட தோட்டாவின் கூடு தானே சில துளைகளை மூடிவிடும். குறுகிய தோட்டா அவற்றைத் திறந்துவிடும். நீண்ட தோட்டாவே பெரும்பாலும் வன்மையானது. ஆதலின் வாயுவைக் குறைக்கவேண்டிய தோட்டாவே அதனைக் குறைத்துக்கொள்கின்றது. ஆயினும் ஒரே நீளமுள்ள இரு தோட்டாக்களுள் ஒன்று மெல்லிதாகவும் மற்றது வலிதாகவும் இருக்குமாயின், இரண்டும் திறந்துவிடும் துளைகள் ஒன்றே. அவ்வேற்றுமையைத் தோட்டாவின் நீளம் அறியாது. அதற்குப் பழையபடி காப்புவாயில் வேண்டும்.