சூப்பர் கம்ப்யூட்டர்: அறிவிக்கப்படும் வேகமும் அளக்கப்படும் வேகமும்

புதுதில்லி: சூப்பர் கம்ப்யூட்டர்கள் குறித்த நாடாளுமன்றப் பதில்களில் முதன்மை பெறுவது, அவை எத்தனை பீட்டாபிளாப் திறன் கொண்டவை என்ற கணக்கு. அவற்றின் கணுக்கள், அதாவது ஒன்றாகப் பிணைக்கப்பட்ட தனித்தனிக் கணினிகள், தமக்குள் எவ்வளவு விரைவாகத் தகவல் பரிமாறுகின்றன என்பது அரிதாகவே பேசப்படுகிறது. ரூ. 4,500 கோடி மதிப்பில் 2015-ல் ஒப்புதல் பெற்ற தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் இயக்கத்தின் பயனை மதிப்பிட இந்த இரண்டாவது அளவும் இன்றியமையாதது.

இதற்குத் திருவனந்தபுரமே சான்று. சோழர் கல்வெட்டுகள் குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை என ஆய்வாளர் பலர் கருதும் வலியசாலை உள்ள நகரம் அது. அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே மாதம் 'சாகா-220' தொடங்கி வைக்கப்பட்டது. செலவு சுமார் ரூ. 14 கோடி, அறிவிக்கப்பட்ட உச்ச திறன் 220 டெராபிளாப். பின்னர் உலகின் 'டாப்-500' பட்டியலில் அதன் உச்ச திறன் 394.8 டெராபிளாப் என்றும், சோதனையில் கிடைத்தது 188.7 மட்டுமே என்றும் பதிவானது. பாதிக்கும் குறைவு!

இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. தகவல் பரிமாற்றம் அவற்றில் ஒன்று. ராக்கெட்டைச் சுற்றிய காற்றோட்டத்தைக் கணிக்கும்போது, ஒவ்வொரு கணுவும் ஒரு பகுதியைக் கணக்கிட்டு, எல்லை விவரங்களை அண்டைக் கணுவுக்கு அனுப்புகிறது. பதில் வரும்வரை அடுத்த படிக்குச் செல்ல இயலாது. ஒரு மைக்ரோ வினாடித் தாமதம் என்பது, 2.4 கிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு 2,400 துடிப்புகள் வீணாவதாகும்.

அளக்கும் முறை எளிது. ஒரு கணுவிலிருந்து சிறு செய்தியை அனுப்பித் திரும்பப் பெற்று, ஆகும் நேரத்தைப் பாதியாக்கினால் தாமதம் தெரியும். பெரிய செய்திகளை அனுப்பினால் வினாடிக்கு எவ்வளவு தகவல் பாய்கிறது என்பது புலப்படும். எல்லாக் கணுக்களும் ஒரே நேரத்தில் பேசும்போதுதான் நெரிசல் வெளிப்படும். அதுவே கடுமையான சோதனை.

இணைப்பு வலையமைப்பில் தற்சார்பும் அடங்கியுள்ளது. 2003-ல் 'பரம் பத்மா'வுக்காக 'பரம்நெட்-2' வலையமைப்பை உருவாக்கியது சி-டாக். அந்நிறுவனத்தின் புதிய 'திரிநேத்ரா' வலையமைப்பு, வினாடிக்கு 100 கிகாபிட் வேகத்தில் புணேயின் 'பரம் ருத்ரா'வில் நிறுவிச் சோதிக்கப்பட்டதாக மத்திய அரசு 2025-ல் தெரிவித்தது.

அந்த 100 கிகாபிட்டில் முழுச் சுமையின்போது கிடைப்பது எவ்வளவு? உச்ச திறனை மட்டும் அறிவிப்பது, அணையின் கொள்ளளவைச் சொல்லிவிட்டு, மதகில் பாயும் நீரின் அளவைச் சொல்லாமல் விடுவதற்கு ஒப்பாகும். மக்கள் வரிப்பணத்தில் நிறுவப்படும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இரு அளவுகளையும் அவையில் கேட்டுப் பெறுவது உறுப்பினர்களின் கடமை.