17 மணி நேரம், 17 அங்குலம்

2018 மார்ச்சில் குவாண்டாஸ் நிறுவனம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து லண்டனுக்கு, வழியில் எங்கும் இறங்காத விமானத்தை விட்டது. தூரம் 14,498 கிலோமீட்டர். நேரம் ஏறத்தாழ 17 மணி. ஓடியது போயிங் 787-9. அதிலிருந்த 236 இருக்கைகளில் 166 எகானமி வகுப்பு. அங்கே உட்கார்ந்தவருக்குக் கிடைத்த அகலமும் சுமார் 17 அங்குலம்தான்.

இதைவிட நீண்ட தடம் ஒன்று உண்டு: சிங்கப்பூர்–நியூயார்க். 15,000 கிலோமீட்டருக்கு மேல், 18 மணி நேரத்துக்கு மேல். அதற்கென்றே வாங்கிய ஏ350 விமானங்களில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மொத்தம் 161 இருக்கைகளைத்தான் போட்டிருக்கிறது. அவற்றில் ஒன்றுகூட சாதாரண எகானமி இல்லை. மற்ற தடங்களில் பறக்கும் சாமானியர்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

டிக்கெட் போட்டதும் இருக்கை வரைபடத்தைத் திறந்து, ஜன்னலா நடைவழியா என்று விரலை நகர்த்துவது பெரும்பாலானவர்களின் வழக்கம். அடிக்கடி பறப்பவர்கள் அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறார்கள். பணம் கட்டும் முன்பே, ஓடப்போவது எந்த விமானம் என்று பார்க்கிறார்கள். இதில்தான் பாதி வேலை முடிகிறது.

போயிங் 777-இன் உள் அகலம் 586 சென்டிமீட்டர். 1995-இல் அது சேவைக்கு வந்தபோது குறுக்கே ஒன்பது இருக்கை என்பதே வழக்கம். பிறகு பல நிறுவனங்கள் அதைப் பத்தாக்கின: மூன்று, நடைவழி, நான்கு, நடைவழி, மூன்று. விமானம் ஒரு விரற்கடைகூட அகலவில்லை. புதிதாக வந்த பத்தாவது ஆளுக்கான இடம் மற்ற ஒன்பது பேரின் தோளிலிருந்தும் நடைவழியிலிருந்தும் வந்தது. 18 அங்குலத்தைத் தாண்டியிருந்த இருக்கை 17-க்குச் சுருங்கியது. 787-இலும் இதே கதைதான். எட்டு பேர் வசதியாக உட்காரக்கூடிய அகலத்தில் இன்று பெரும்பாலும் ஒன்பது பேர். ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் சர்வதேச 787-களில் பிடிவாதமாக 2-4-2 என்றே வைத்திருக்கிறது. அங்கே அகலம் 19 அங்குலத்தை நெருங்குகிறது. விமானம் ஒன்றுதான், ஏறுகிறவருக்கு அனுபவம் வேறு.

ஏர்பஸ் ஏ330-ஐப் பாருங்கள். உள் அகலம் 528 சென்டிமீட்டர். 777-ஐவிட அரை மீட்டருக்கு மேல் குறுகல். ஆனால் குறுக்கே எட்டு பேர்தான் என்பதால் ஒவ்வொருவருக்கும் 18 அங்குலம் கிடைத்துவிடுகிறது. கொழும்பிலிருந்து லண்டனுக்கு ஸ்ரீலங்கன் ஓட்டுவது இந்த ரகம்தான். கணவன் மனைவி இருவர் மட்டும் போனால் ஜன்னல் பக்கத்து இரட்டை இருக்கை அவர்களுக்கென்றே செய்தது போல இருக்கும். தூங்கும் மூன்றாவது ஆளைத் தாண்டிக் கழிவறைக்குப் போகும் அவஸ்தை இல்லை. ஏ350-இல் ஒன்பது பேர், கிட்டத்தட்ட 18 அங்குலம். ஏ380-இன் கீழ்த்தளத்தில் பத்து பேர் உட்கார்ந்தாலும் அதன் வயிறு பெரிது. அங்கும் 18 அங்குலம் தேறும். சென்னையிலிருந்து துபாய் வழியாக அமெரிக்கா போகிறவர், அதே எமிரேட்ஸ் டிக்கெட்டிலேயே, இரண்டாம் கட்டத்தில் 777 ஓடுகிறதா ஏ380 ஓடுகிறதா என்று பார்த்து எடுத்தால் பதினான்கு மணி நேரத்துக்கு ஓர் அங்குலம் லாபம்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. டிக்கெட் தளங்களில் விமான எண்ணின் பக்கத்திலேயே பொடி எழுத்தில் விமான வகை இருக்கும். 77டபிள்யூ என்றால் 777-300ஈஆர். 789 என்றால் 787-9. 333 என்றால் ஏ330-300. 359 என்றால் ஏ350-900. 388 என்றால் ஏ380.

ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்காக ஏர்பஸ் 2013-இல் ஓர் ஆய்வைக் காட்டியது. 17 அங்குலத்தைவிட 18 அங்குல இருக்கையில் தூக்கத்தின் தரம் 53 சதவீதம் மேம்படுகிறது என்றது லண்டன் ஸ்லீப் சென்டர் நடத்திய அந்த ஆய்வு. நெடுந்தூர விமானங்களுக்கு 18 அங்குலத்தையே குறைந்தபட்சமாக்க வேண்டும் என்றும் ஏர்பஸ் குரல் கொடுத்தது. போட்டியாளரின் விமானத்தைக் குறைசொல்ல வசதியான ஆய்வு என்பதை மறந்துவிடக் கூடாது. பிற்பாடு அதே ஏர்பஸ்ஸின் ஏ350-இல் குறுக்கே பத்து இருக்கை போட்டு பிரெஞ்ச் பீ போன்ற மலிவு விலை நிறுவனங்கள் பறக்கத் தொடங்கின. கொள்கையும் விற்பனையும் எப்போதும் அடுத்தடுத்த சீட்டில் உட்காருவதில்லை.

அகலத்துக்கு அடுத்தது நீளம். ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரத்தைத்தான் நிறுவனங்கள் 'பிட்ச்' என்று சொல்கின்றன. நெடுந்தூர எகானமியில் இது 31, 32 அங்குலம். இந்த எண்ணில் முதுகுச் சாய்வின் தடிமனும் சேர்ந்திருப்பதால், மெல்லிய சாய்வு கொண்ட புதிய இருக்கையில் 31 அங்குலமே முழங்காலுக்குப் போதும். பழைய தடித்த இருக்கையில் 32-ம் போதாது. அமெரிக்காவில் இந்தச் சுருக்கம் நீதிமன்றம் வரை போனது. பயணிகள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 2017-இல் தீர்ப்பெழுதிய நீதிபதி பாட்ரீசியா மில்லெட், நம்ப முடியாத அளவுக்குச் சுருங்கிக்கொண்டே போகும் விமான இருக்கையின் வழக்கு என்று அதற்குக் கிண்டலாகப் பெயரே வைத்தார்.

கால் நீட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது அவசரக் கதவு வரிசை. அந்த இடைவெளி நிறுவனங்களின் தாராளத்தால் வந்ததல்ல. 1985 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் விமான நிலையத்தில், கிரீஸின் கோர்ஃபு தீவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் 737 ஓடுபாதையிலேயே தீப்பிடித்தது. விமானம் தரையைவிட்டு எழும்பவே இல்லை. இருந்தும் 137 பேரில் 55 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. இறக்கை மேலிருந்த அவசர வழிக்குப் போகும் இடைவெளி மிகக் குறுகலாக இருந்ததும் வெளியேறியவர்களைத் தாமதப்படுத்தியது.

அதற்குப் பிறகு கிரான்ஃபீல்டு கல்வி நிறுவனத்தில் ஹெலன் மியூர் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். நிறுத்திவைத்த விமானத்துக்குள் தன்னார்வலர்களை ஏற்றி, முதலில் வெளியேறும் பாதிப் பேருக்கு ஆளுக்கு 5 பவுண்டு கூடுதல் என்று அறிவித்தார். அந்தச் சிறு தொகைக்காகவே முண்டியடித்து, வழியில் சிக்கிக்கொண்டார்கள். எவ்வளவு இடைவெளி இருந்தால் கூட்டம் அடைத்துக்கொள்ளாது என்பது அப்படித்தான் தெரிந்தது. மான்செஸ்டர் விபத்துக்குப் பிறகு, அந்த இடைவெளியைப் பெரிதாக்கும்படி பிரிட்டன் விதியை மாற்றியது. பெரிய விமானங்களில் கதவே பெரிது. அதன் முன்னால் பாதையை மறிக்கும்படி இருக்கை போடவே முடியாது. முழு விமானமும், பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி, 90 விநாடியில் காலியாக வேண்டும் என்பது சான்றிதழுக்கான நிபந்தனை. 2006-இல் ஹாம்பர்க்கில் நடந்த சோதனையில் ஏ380-இலிருந்து 873 பேர் 78 விநாடியில் வெளியே வந்தார்கள்.

ஆகவே அவசரக் கதவு வரிசையில் உட்காருகிறவர் தேவைப்பட்டால் கதவைத் திறக்க உதவ வேண்டியவர். குழந்தைகள், கைக்குழந்தையோடு வருபவர்கள், கர்ப்பிணிகள், நடக்கச் சிரமப்படுபவர்கள், பணியாளர் சொல்லும் மொழி புரியாதவர்கள் ஆகியோருக்கு அந்த வரிசை கிடைக்காது. பணம் கட்டியிருந்தாலும் எழுப்பி வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். தொல்லைகளும் உண்டு. சாப்பாட்டுத் தட்டும் திரையும் கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடி தூக்க வராது. உட்காரும் அகலமும் கொஞ்சம் குறையும். கைப்பையைக் காலடியில் வைக்க முடியாது. கதவோரம் குளிரும். சில விமானங்களில் சறுக்குப் பாதை மடித்து வைத்த பெட்டி கதவிலிருந்து புடைத்துக்கொண்டு நிற்கும். ஜன்னல் ஓரத்துக்காரரின் ஒரு காலுக்கு அங்கே இடமே இருக்காது.

2025 ஜூனில் அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா 787-இல் உயிர் பிழைத்த ஒரே பயணி உட்கார்ந்திருந்தது 11ஏ. அவசரக் கதவுக்குப் பக்கத்து இருக்கை அது. அதற்குப் பிறகு பலர் எந்த விமானமானாலும் 11ஏ வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். எண் ஒன்றாக இருந்தால் இடமும் ஒன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. ஒரு விமானத்தில் 11ஏ கதவோரம். இன்னொன்றில் அது பிசினஸ் கிளாஸ். சில 737-களில் அந்த இடத்தில் ஜன்னலே கிடையாது; குளிர்சாதனக் குழாய் சுவருக்குள் மேலேறுவதால் வெறும் பிளாஸ்டிக் சுவர்தான்.

வகுப்புகளைப் பிரிக்கும் தடுப்புக்குப் பின்னாலுள்ள முதல் வரிசையில் முன்னால் சாய யாருமில்லை, அது நிம்மதிதான். ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் அந்தத் தடுப்பில்தான். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அதுவே விமானத்தின் சிறந்த இடம். தூங்க நினைப்பவர்கள் இரண்டு மூன்று வரிசை தள்ளிப் போவது நல்லது.

பின்பக்கத்தை எல்லோரும் ஒதுக்குகிறார்கள். ஆட்டம் அங்கேதான் அதிகம். எடை மையம் இறக்கைக்கு அருகில் இருப்பதால் வால் பகுதி கூடுதலாக ஊசலாடும். இறக்கைக்கு முன்னால் இன்ஜின் சத்தமும் குறைவு. கடைசி வரிசையில் இருக்கை பெரும்பாலும் பின்னால் சாயாது, கழிவறை வரிசை தலைமாட்டில் நிற்கும், இறங்கும்போது கடைசி ஆள். அடுத்த விமானத்துக்கு ஒன்றரை மணி நேரமே இருந்தால் அது சின்ன விஷயமல்ல. ஆனால் 777-இன் உடல் வாலை நோக்கிக் குறுகுவதால் கடைசிச் சில வரிசைகளில் மூன்று இருக்கை இரண்டாகிறது. ஜன்னலுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு பை வைக்கும் அளவு இடமும் கிடைக்கும். விவரம் தெரிந்த ஜோடிகள் அதை விடுவதில்லை.

ஜன்னலா நடைவழியா என்ற பழைய வழக்குக்கு மருத்துவத்திடமும் ஒரே தீர்ப்பு இல்லை. எமரி பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக்கும் பத்து அமெரிக்க விமானங்களில் யார் எங்கே நடமாடுகிறார்கள் என்று கணக்கெடுத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மற்றவர்களோடு மிகக் குறைந்த தொடர்பு ஜன்னல் ஓரத்தாருக்குத்தான். சளி, காய்ச்சல் தொற்ற வாய்ப்பு குறைவு. ஆனால் அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரி 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் காலில் ரத்தம் உறையும் அபாயத்தை ஜன்னல் ஓரத்தோடுதான் இணைத்தது. எழுந்து நடக்கத் தயங்குவதுதான் காரணம். எகானமி வகுப்பில் உட்கார்வதாலேயே உறைவதாக ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர், கர்ப்பிணி, முன்பு ரத்த உறைவு வந்தவர் ஆகியோருக்கு நடைவழிதான் சரி. அவர்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, பிடிப்பது எப்படி? நிறுவனங்கள் நல்ல இருக்கைகளுக்குத் தனி விலை வைத்திருக்கின்றன. அடிக்கடி பறக்கும் உறுப்பினர்களுக்கென ஒதுக்கியவற்றில் எடுக்காதவை, ஆன்லைன் செக்-இன் திறக்கும்போது பொதுவுக்கு வரும். அது சில நிறுவனங்களில் 48 மணி நேரம் முன், சிலவற்றில் 24. காத்திருப்பவர் இலவசமாகவே பிடிக்கலாம், நடு இருக்கையில் மாட்டவும் செய்யலாம். இருவராகப் போகிறவர்கள் மூன்று இருக்கை வரிசையில் ஜன்னலையும் நடைவழியையும் எடுத்து நடுவை விட்டுவைப்பது பழைய தந்திரம். கூட்டம் இல்லாத நாளில் நடு இருக்கை காலியாகவே போகும். யாராவது வந்துவிட்டால் ஜன்னல் ஓரத்தை அவருக்குக் கொடுக்க முன்வரலாம்; பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தியாவில் கவலைப்படத் தேவையில்லை. 12 வயது வரையிலான குழந்தைக்கு, ஒரே பதிவில் வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024-இல் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

ஒரு தொல்லை பாக்கி: கடைசி நேரத்தில் விமானத்தையே மாற்றுவார்கள். ஏ350 என்று பார்த்து எடுத்த டிக்கெட்டில் 777 வந்து நிற்கும். இருக்கை எண்களை கணினி தன் போக்கில் திரும்ப அடுக்கிவிடும். பயணத்துக்கு முதல் வாரமும் முதல் நாளும் பதிவைத் திறந்து எண்ணைச் சரிபார்ப்பதும், பணம் கட்டி எடுத்த இடம் பறிபோயிருந்தால் ரசீதைக் காட்டி அந்தக் கட்டணத்தைத் திரும்பக் கேட்பதும் பயணியின் வேலை.