லண்டன் மச்சான் கொண்டு வந்த போத்தல்

குடியைப் பற்றி எழுத இந்த ஆளுக்கு வேறு வேலை இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். பாரிசில் இருபது வருடத்துக்கு மேலாக உணவகக் குசினியில் நிற்கிறவன் நான். பாத்திரம் கழுவுவதில் தொடங்கி அடுப்படிக்கு வந்தவன். இங்கே வைன் என்பது குடிவகை மட்டும் இல்லை, ஊர்ப்பெருமையும்தான். அந்தப் பெருமை எனக்கும் தொற்றிவிட்டது என்பது போன நத்தாருக்குத்தான் தெரிந்தது.

லண்டனில் இருந்து மனுசியின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். கையில் ஒரு போத்தல். நுரைக்கிற வெள்ளை வைன். இங்கிலாந்தில், கென்ட் பக்கம் விளைந்ததாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பாரிசுக்கு இங்கிலீஷ்காரன்ரை வைனோ? யாழ்ப்பாணத்துக்குப் பனங்காய் கொண்டு போன மாதிரியெல்லோ கிடக்கு!"

"அத்தான், பேரைப் பாக்காமல் குடிச்சுப் பாருங்கோ. பிறகு கதையுங்கோ."

என் பிரிட்ஜில் ஒரு நல்ல சம்பேன் இருந்தது. இரண்டையும் குசினிக்குள் கொண்டுபோய் ஊற்றி, கிளாசுக்கு அடியில் துண்டுக் கடதாசி ஒட்டிக் கொண்டு வந்தார். உண்மையைச் சொல்கிறேன், லண்டன் போத்தல் கேவலமாக இருக்கவேண்டும் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டுதான் வாயில் வைத்தேன். முதலாவது பரவாயில்லை. இரண்டாவதில் பச்சை அப்பிள் வாசம், பிறகு சுட்ட பாணின் வாசம், கடைசியில் நாக்கைக் கழுவிவிடும் ஒரு புளிப்பு. கிளாசைத் தூக்கிக் காட்டி, "இதுதானடாப்பா எங்கடை சம்பேன்!" என்றேன்.

திருப்பிப் பார்த்தால் அடியில் 'ல' என்று எழுதியிருந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் சொன்னது, "நீர் கிளாசை மாத்திப் போட்டீர்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டார். மனுசி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தேவையில்லை.

நான் செய்ததை இதே பாரிசில் எனக்கு முன்பே ஒருவர் செய்திருக்கிறார். 1976 மே 24. இங்கே வைன் கடை நடத்திய ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், ஒன்பது பிரெஞ்சு நிபுணர்களை ஒரு ஹோட்டலில் கூட்டினார். வெள்ளை வைனில் கலிபோர்னியா ஆறு, பர்கண்டி நாலு. சிவப்பில் கலிபோர்னியா ஆறு, போர்தோ நாலு. பேர் தெரியாமல் ருசித்து ஒவ்வொன்றுக்கும் இருபதுக்குப் புள்ளி போடவேண்டும். பிரான்ஸ்தான் வெல்லும் என்று ஸ்பரியரே நம்பியிருந்தார். அழைக்கப்பட்ட பத்திரிகையாளர்களில் 'டைம்' சஞ்சிகையின் ஜோர்ஜ் டேபர் மட்டும்தான் வந்தார். அவர் கையில் வைன்களின் பட்டியல் இருந்தது. அதனால்தான் பெரிய சமையல் கலைஞர் ரேமோன் ஒலிவியே ஒரு கலிபோர்னியா வைனைக் குடித்துவிட்டு, திரும்பப் பிரான்சுக்கு வந்துவிட்டோம் என்ற மாதிரிச் சந்தோசப்பட்டதை அவரால் கவனிக்க முடிந்தது.

வெள்ளையில் முதலாவது கலிபோர்னியாவின் ஷாட்டோ மொன்டலீனா, 1973. முதல் நாலில் மூன்று கலிபோர்னியா. இந்த முடிவைச் சிவப்பு தொடங்குமுன்பே ஸ்பரியர் வாசித்துவிட்டார். அவ்வளவுதான், அமெரிக்க வைன் எது என்று மோப்பம் பிடித்துப் புள்ளியைக் குறைக்க நடுவர்கள் பார்த்தார்கள் என்று பின்னர் சொல்லப்பட்டது. அப்படியிருந்தும் 1970இல் நட்ட இளங்கொடியில் விளைந்த ஸ்டாக்ஸ் லீப் 1973, 127.5 புள்ளி எடுத்து மூட்டோன் ரொத்ஷீல்ட் 1970ஐ ஒன்றரைப் புள்ளியால் முந்தியது.

நடுவர்களில் ஒருவர் ஒடெத் கான். பிரான்சின் முக்கியமான வைன் சஞ்சிகையின் ஆசிரியர். முடிவைக் கேட்டதும் தான் புள்ளி போட்ட தாளைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்டார். ஸ்பரியர் கொடுக்கவில்லை. பிறகு அந்த அம்மா போட்டியே பிழை என்று எழுதினார்.

அவரைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது பேரின் புள்ளியைக் கூட்டி வந்த ஒன்றரைப் புள்ளி வித்தியாசம் பெரிதாக ஒன்றையும் நிரூபிக்காது. போர்தோ முதிரக் காலம் எடுக்கும், அப்போது பாருங்கள் என்று பிரெஞ்சுக்காரர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் முப்பது வருடம் கழித்து, 2006இல், அதே சிவப்பு வைன்களை லண்டனிலும் நாபாவிலும் திரும்ப ருசித்தார்கள். முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கு.

எனக்கு இதில் பிடித்த பகுதி பிறகு நடந்தது. ஸ்பரியர் வயது போன காலத்தில் இங்கிலாந்தின் டோர்செட்டில் மனைவியின் பண்ணையில் திராட்சை நட்டார். எதற்கு? இங்கிலீஷ் நுரை வைன் செய்ய. அங்கே நிலத்தடியில் சுண்ணக்கல். சம்பேன் பகுதியிலும் சுண்ணக்கல்தான். திராட்சை வகைகளும் அவையே, போத்தலுக்குள் இரண்டாம் முறை நொதிக்க விடும் முறையும் அதே. இப்போது வெயிலும் கூடிவிட்டது. 2015இல் சம்பேன் கம்பனியான டெட்டாஞ்சேயே கென்ட்டில் காணி வாங்கிவிட்டது. அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் வாசித்துவிட்டும் மச்சானுக்குப் போன் எடுக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. ஈஸ்டருக்கு வருகிறார்கள் என்று மனுசி சொன்ன பிறகுதான் எடுத்தேன். சுகம் விசாரித்தேன், பிள்ளைகளின் படிப்பைக் கேட்டேன். கடைசியில், "வரேக்கை அந்தப் போத்தல் ரெண்டு கொண்டு வாருமன்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"கிளாசை நீங்களே ஊத்துங்கோ அத்தான்," என்றார்.