மத்தியான வெயிலை ராத்திரிக்கு எடுத்து வைக்கலாம், தெரியுமா?

மொட்டைமாடியில் மூன்று கிலோவாட் சோலார் பேனல். மேலே சுள்ளென்று வெயில். மணி பகல் பன்னிரண்டு. திடீரென்று தெருவில் கரண்ட் போகிறது. வீட்டில் ஃபேன் சுற்றுமா?

சுற்றாது! லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து மாட்டிய பேனல் வெயிலில் மினுமினுக்கும். கீழே வீட்டில் உள்ளவர்கள் விசிறிமட்டையைத் தேட வேண்டியதுதான்!

காரணம் தெரியுமா? பேட்டரி இல்லாத ‘ஆன்-கிரிட்’ இன்வெர்ட்டர், ஈ.பி. லைனில் மின்சாரம் ஓடுகிறதா என்று ஒவ்வொரு கணமும் பார்த்துக்கொண்டே இருக்கும். லைன் செத்தால் இரண்டு நொடிக்குள் அதுவும் தன்னை நிறுத்திக்கொள்ளும். இது கோளாறு இல்லை, உயிர்காக்கும் ஏற்பாடு! தெருமுனைக் கம்பத்தில் லைன்மேன் ஏறி நிற்கும்போது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் அந்தக் கம்பிக்குள் போனால் என்ன ஆகும்? அதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டாயம். பேட்டரியும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் இருந்தால் கதையே வேறு: வெளி லைனை அது துண்டித்துவிட்டு, வீட்டுக்குள் மட்டும் மின்சாரத்தை ஓட்டும். சோலார் போட விலை கேட்கிறவர்கள், “கரண்ட் போனால் வேலை செய்யுமா?” என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன். பலருக்கு இது பேனல் மாட்டிய பிறகுதான் தெரியவருகிறது.

இன்னொரு விசித்திரம் கேளுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். ஆனால் அது அள்ளித் தருவது நண்பகலில்! நமக்கோ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் லைட், டிவி, மிக்ஸி, ஏசி எல்லாம் ஒன்றாக வேண்டும். சூரியன் கொடுக்கும் நேரம் ஒன்று, வீடு கேட்கும் நேரம் வேறொன்று. உலகம் முழுக்க மின்சாரத் துறையில் இருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இந்தச் சில மணி நேர இடைவெளிதான்!

நம்ப முடியவில்லையா? 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இலங்கையில் நடந்தது தெரியுமா? கூரை சோலார் வைத்திருப்பவர்களே, பகலில் அதை அணைத்து வையுங்கள் என்று இலங்கை மின்சார சபையே கேட்டுக்கொண்டது! தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக்கிடந்தன, மின்சாரத்துக்கு ஆள் இல்லை, வெயிலோ குறையவில்லை. தேவைக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் கட்டமைப்பே ஆட்டம் காணும். அதே நாட்டில் பொழுது சாய்ந்ததும் விளக்கெரிய அணைத்தண்ணீரும் நிலக்கரியும் எண்ணெயும் வேண்டும்! பகலில் வீணாக்கப்பட்ட அந்த வெயிலை எடுத்து வைக்க மட்டும் ஓர் இடம் இருந்திருந்தால்!

அப்படி எடுத்து வைக்கும் வித்தையைத் தமிழ்நாடு 1987-லேயே கையில் எடுத்துவிட்டது, தெரியுமா? ஆனைமலையில், காடம்பாறையில், பூமிக்கு அடியில் 400 மெகாவாட் மின்நிலையம் ஒன்று இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தட்டுப்பாடான நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு அதே எந்திரங்களைச் சுழற்றி மின்சாரம் எடுப்பார்கள். மலையே ஒரு பேட்டரி! நம் மாநிலத்துக்குள் இருக்கும் இந்த அதிசயத்தை எத்தனை பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன?

எல்லா ஊரிலும் மலைக்கு எங்கே போவது? அங்கேதான் லித்தியம் பேட்டரி வந்து நிற்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2024 ஏப்ரலில் ஒரு மாலைப் பொழுது: சூரியன் இறங்கியதும் சிறிது நேரம் அந்த மாநிலத்துக்கே அதிக மின்சாரம் கொடுத்தது எது தெரியுமா? எரிவாயு அல்ல, அணைக்கட்டு அல்ல, பேட்டரி! 6,000 மெகாவாட்டுக்கும் மேல்! பகலெல்லாம் வெயில் குடித்தவை அவை.

பசிபிக் கடலில் அமெரிக்க சமோவாவைச் சேர்ந்த டாவு என்று ஒரு தீவு. சுமார் அறுநூறு பேர் வாழும் இடம். முன்பெல்லாம் கப்பலில் டீசல் வந்தால்தான் விளக்கு. கடல் கொந்தளித்தால் கும்மிருட்டு. 2016-ல் 5,328 பேனல்களும் 60 பெரிய பேட்டரிப் பெட்டிகளும் போய் இறங்கின. மூன்று நாள் சூரியனே தலைகாட்டாவிட்டாலும் தீவு தாங்கும்படி அமைத்தார்கள்! மூன்று நாள்!

போர்ட்டோ ரிக்கோவின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். 2017 செப்டம்பர் 20. மரியா என்ற பெரும்புயல் அந்தத் தீவைப் புரட்டிப்போட்டது. தீவு முழுக்க மின்சாரம் போனது. கடைசி வீடுவரை மின்சாரம் திரும்ப ஏறக்குறைய பதினொரு மாதம் ஆனது! ஆனால் அட்ஹுண்டாஸ் என்ற மலையூரில் ஒரு வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காசா புவெப்லோ என்ற மக்கள் அமைப்பின் வீடு அது. 1999 முதலே சூரிய மின்சாரத்தில் ஓடிய வீடு. ஊர் ஜனம் அங்கே திரண்டது. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் தங்கள் மருத்துவக் கருவிகளைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். ஊருக்கு அது கட்டுப்பாட்டு அறை, மருந்தகம், அடைக்கலம் எல்லாமாக ஆயிற்று! அந்த ஊர் சும்மா இருக்கவில்லை. கடைத்தெருவில் ஒரு டசனுக்கும் மேற்பட்ட வணிகர்கள் ஒன்றுசேர்ந்து, கூரைப் பேனல்களையும் பேட்டரிகளையும் பொதுவில் இணைத்து, 2023-ல் தங்களுக்கென்று ஒரு குட்டி மின்கட்டமைப்பையே தொடங்கிவிட்டார்கள்! கஜா புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்த நம் டெல்டா மாவட்டங்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாடியிலும் பேனலும் பேட்டரியும் இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

குஜராத்தின் மொதேராவுக்குப் போனால் இன்னொரு ஆச்சரியம். ஆயிரம் ஆண்டுகளாகச் சூரியனார் கோயில் நிற்கும் ஊர்! அங்கேயே 2022-ல், இருபத்துநான்கு மணி நேரமும் சூரிய மின்சாரத்தில் ஓடும் இந்தியாவின் முதல் கிராமம் என்று அறிவித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டுக் கூரைகளில் பேனல், ராத்திரிக்கு 15 மெகாவாட்-மணி பேட்டரி. கொச்சி விமான நிலையம் 2015-லேயே முழுக்க சூரிய மின்சாரத்துக்கு மாறியது தெரிந்திருக்கும்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்கிறீர்கள்? 1839-ல், பத்தொன்பது வயதுப் பிரெஞ்சுப் பையன் எட்மன் பெக்கரல் தன் அப்பாவின் ஆய்வுக்கூடத்தில், வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறப்பதைக் கண்டுபிடித்தான்! 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கான் செல்லைக் காட்டியது; விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்குதான் மின்சாரமானது. இன்று கடையில் வாங்கும் பேனலில் இருபதுக்கு மேல்! 1958-ல் வான்கார்ட்-1 செயற்கைக்கோள் ஏறியபோது அதில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள். பேட்டரியில் ஓடியது சில மாதங்களுக்குள் செத்தது. சூரியனில் ஓடியது 1964 வரை பேசிக்கொண்டே இருந்தது. அந்தக் கோள் இன்றும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது!

பேட்டரியின் கதையும் லேசுப்பட்டதல்ல. மாதாமாதம் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறோமே, அந்த ஈய-அமில பேட்டரி 1859-ல் பிறந்தது! லித்தியம்-அயன் பேட்டரிக்காக நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவரான ஜான் குட்இனஃபுக்கு அப்போது வயது 97. நோபல் வாங்கியவர்களிலேயே மூத்தவர்! இன்று வீடுகளுக்கு வரும் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரிக்கு வழிதிறந்த 1997 ஆய்வுக்கட்டுரையில் அவர் பெயரோடு ‘பாதி’, ‘நஞ்சுண்டசுவாமி’ என்ற இந்தியப் பெயர்களும் இருக்கின்றன, தெரியுமா? அந்த பேட்டரியில் கோபால்ட் இல்லை, நிக்கல் இல்லை, இரும்பும் பாஸ்பேட்டும்தான். எளிதில் தீப்பற்றாது, ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி காலிசெய்தால் ஆயுள் குறையும். எல்.எஃப்.பி.யை எண்பது, தொண்ணூறு சதவீதம்வரை தாராளமாகச் செலவழிக்கலாம்.

அக்னி நட்சத்திரத்தில்தான் பேனல் அதிகம் விளையும் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். மேகமில்லாத மாசி, பங்குனி நாள்கள்தான் அதற்குக் கொண்டாட்டம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தால் அந்த வரிசையே சுணங்கும். ஆகவே மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று காலையிலும் மாலையிலும் பார்த்துவிட்டு இடம் குறியுங்கள்.

பணம்? மத்திய அரசின் சூரியவீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அது பேனலின் கிலோவாட்டை வைத்துப் போடும் கணக்கு. பேட்டரி உங்கள் கைக்காசு. தமிழ்நாட்டில் இலவச யூனிட்டுகளுக்குள்ளேயே அடங்கும் வீடென்றால் அவசரமே வேண்டாம். தொழில் செய்கிறவர்கள் கணக்கு வேறு. ஒரு லிட்டர் டீசலில் ஜெனரேட்டர் தருவது மூன்று, மூன்றரை யூனிட்தான். டீசல் விலையை வைத்து வகுத்துப் பாருங்கள், தலைசுற்றும்! பகலில் மட்டும் ஓடும் மாவுமில்லுக்கும் தையல் யூனிட்டுக்கும் பேனலே பெரும்பாலும் போதும். ராத்திரியும் குளிர வேண்டிய ஐஸ்கிரீம் கிடங்குக்கும், மாலை உச்சநேரத்தில் கூடுதல் கட்டணம் கட்டும் ஆலைக்கும்தான் பேட்டரி சம்பாதித்துக் கொடுக்கும்.

வீட்டுக்கு எத்தனை பெரிய பேட்டரி? ஐந்து யூனிட் பிடிக்கும் பேட்டரியில் ஒரு ஒன்றரை டன் ஏசி நாலு மணி நேரம்கூடத் தாண்டாமல் போகலாம். அதே பேட்டரியில் நாலு ஃபேன், லைட்டுகள், ஃபிரிட்ஜ் எல்லாம் விடிய விடிய ஓடும்! பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்தான். நாலு ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் பழையதற்கு மூன்று யூனிட், புதியதற்கு ஒன்றேகால் யூனிட்கூட ஆகாது. பேட்டரிக்கடைக்குப் போகும் முன் ஃபேன்கடைக்குப் போய்விட்டு வாருங்கள். தேவைப்படும் பேட்டரியே சின்னதாகிவிடும்!